சிரட்டை, உமி, மின்வாய்: வாசகர் கேள்விகள்

நிலாவெளியிலிருந்து: வீட்டில் சுடும் சிரட்டைக் கரியை அரைத்துப் பூசினால் சுப்பர் கெப்பாசிற்றருக்கு (மின்னைச் சேமித்து விரைவாக விடும் கருவிக்கு) மின்வாய் ஆகாதா?

அப்படியே ஆகாது. அடுப்புக் கரியில் மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள், மின் சரியாக ஓடாது. போதிய சூடு படாததுதான் காரணம். அதைவிடப் பெரிய குறை, துளைகள் போதாது. கரியைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் காரத்துடன் கலந்து, காற்றுப் புகாமல் நைதரசன் ஓட்டத்தில் 700, 800 பாகை செல்சியசில் சுட்டால், காரம் கரியை அரித்து 2 நனோமீற்றருக்கும் குறைந்த துளைகளைத் திறந்துவிடும். அப்போது ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,500 சதுர மீற்றரைத் தாண்டும். கிட்டத்தட்ட அறுபது பேர்ச் காணி! மின்னேற்றம் கொண்ட துகள்களான அயன்கள் வந்து ஒட்டுவது இந்தப் பரப்பில்தான். சூடான காரம் கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும், வீட்டில் தொடவே வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து: மில்லில் உமி மலையாகக் கிடக்கிறது. அதற்கும் வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா உமியில் மிக நுண்ணிய துகள்களாகப் படிகிறது. உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்காதான். முதலில் அமிலத்தில் கழுவி எரித்தால் சாம்பல் வெள்ளையாக வரும். அதை மகனீசியத்துடன் சுமார் 650 பாகையில் சூடாக்கினால் நுண்துளைச் சிலிக்கன் கிடைக்கும். இலிதியம் பற்றரியின் மின்வாயில் காரீயம் (கிரபைற்று) கிராமுக்கு 372 மில்லியம்பியர் மணி மின்னேற்றம் தாங்கும். சிலிக்கன் 3,500க்கு மேல். ஆனால் மின்னேற்றும்போது சிலிக்கன் மும்மடங்குக்கு மேல் ஊதி, வெடித்து உதிர்ந்துவிடும். அந்த வீக்கத்துக்கு இடம் விடுபவை நுண்துளைகளே. உமியின் அமைப்பைக் கெடுக்காமல் சுடுவது அதனால்தான் முக்கியம்.

திருகோணமலை நகரிலிருந்து, உயர்தர மாணவி: போகலச் சுரங்கத்தில் நல்ல காரீயம் இருக்க, சிரட்டை எதற்கு?

இலிதியத்துக்குக் காரீயம் சரி. சோடியம் பற்றரிக்கு உதவாது, 0.335 நனோமீற்றர் இடைவெளியுள்ள அதன் அடுக்குகளுக்குள் சோடியம் நன்றாகப் புகாது. சிரட்டையை 1,000 பாகைக்கு மேல் சுட்டு எடுக்கும் வன்கரியில் அடுக்குகள் ஒழுங்கின்றி, இன்னும் அகலமாக விலகியிருக்கும். சோடியம் அங்கே தங்கும்.

அவரே: பாடசாலைச் செயற்றிட்டமாக எதைச் செய்யலாம்?

அயடீன் சோதனை செய்யுங்கள். ஐதான அயடீன் கரைசலை இரு குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் அரைத்த அடுப்புக் கரி, மற்றதில் கடையில் வாங்கிய ஏவப்பட்ட கரி (துளைகள் திறக்கப்பட்ட கரி), இரண்டும் ஒரே எடை. நன்றாகக் குலுக்கி வடியுங்கள். எந்தக் கரைசல் கூடுதலாக வெளிறுகிறதோ, அந்தக் கரியில் துளைகள் அதிகம்.