ஃப்ரீசரில் இருக்கும் கூறு

அன்புள்ள ஐயா,

நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், நல்ல மனிதர். இந்த வருடம் குலுக்கலில் அவருக்கு ஆண் எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைக்கான டேக், அதாவது ஒன்றைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, விழுந்தது. 17 வருடம் விண்ணப்பித்துக் கிடைத்ததாம். செப்டம்பர் கடைசியில் போய் ஒன்றைச் சுட்டுவிட்டு வந்தார். அந்தக் கதையைக் கண் கலங்கச் சொன்னார். பிறகு வெள்ளைத்தாளில் சுற்றிய இரண்டு கறிப் பொட்டலங்களைக் கையில் கொடுத்தார். மறுக்க முடியவில்லை. வாங்கி ஃப்ரீசரில் வைத்து மூன்று வாரமாகிறது.

அவ்வளவு அழகான மிருகத்தைக் கொல்ல அரசாங்கமே குலுக்கல் நடத்துவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பணக்காரர்கள் ஏலத்தில் டேக் வாங்குவதாகவும் படித்தேன். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது துப்பாக்கிப் பணம்தானே? அதிர்ஷ்டம் அடித்தவனுக்கு ஓர் உயிரைப் பரிசாகக் கொடுப்பது நாகரிகமா? நாங்கள் ஆடு, கோழி சாப்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் இது வேறு அல்லவா? அந்தக் கறியை என்ன செய்வது?

கே.

அன்புள்ள கே.,

குளிர் தொடங்கினால் என் இடது தோளில் ஒரு வலி வரும். உங்கள் கடிதம் வந்த காலையில் அந்தத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நான் அரிசோனாவில் வேலை பார்த்த காலத்தில் ஓர் எல்க்கின் பின்தொடையைச் சுமந்து மலையேறியதில் வந்த வலி அது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

துப்பாக்கிப் பணம் என்கிறீர்கள். ஆமாம். 1937-ஆம் வருடச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற வரி, பெரும்பாலும் 11 சதவீதம், மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குப் போகிறது. வேட்டைக்காரர்களே ஆதரித்த வரி. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஏலத்தில் டேக் விற்பது எனக்கும் பிடிக்காது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் 'அதிர்ஷ்டம் அடித்தவன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் சும்மா விட முடியாது.

என் நண்பர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். 47 வயதில் முதல்முறையாக விண்ணப்பித்தார். ஒவ்வொரு பிப்ரவரியும் பணம் கட்டுவார், டேக் விழாது, ஒரு போனஸ் பாயிண்ட் சேரும். பாயிண்டுக்கு ஒன்றாகக் கணினி கூடுதல் எண் கொடுக்கும். அவற்றில் ஆகச் சிறியது எதுவோ அதுதான் உங்கள் எண். சிறிய எண்ணுக்குத்தான் முதலில் டேக். அதாவது காத்திருந்தவனுக்கு வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது. அவருக்கு டேக் விழுந்தபோது வயது 65. முழங்கால் இரண்டும் போயிருந்தன. சுமக்க ஆள் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார். இதற்கா அதிர்ஷ்டம் என்று பேர்?

அந்தக் குலுக்கல் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அரிசோனாவில் முன்பு இருந்த எல்க் இனம், கணக்கு வழக்கில்லாமல் சுடப்பட்டு 1900-ஐ ஒட்டிய வருடங்களில் அடியோடு அழிந்தது. அன்றைக்குக் குலுக்கலும் இல்லை, டேக்கும் இல்லை. 1913 பிப்ரவரியில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து 83 எல்க்குகளைக் கொண்டுவந்து செவலான் ஓடைக்குப் பக்கத்தில் விட்டார்கள். இன்றைக்கு அங்கே மேய்கிற கூட்டங்களின் வேர் அதுதான். ஒவ்வொரு வருடமும் ஆகாயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நூறு பெண்ணுக்கு எத்தனை ஆண், எத்தனை கன்று என்று கணக்கெடுத்த பிறகுதான் இத்தனை டேக் என்று முடிவாகிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 17 வருடம் வரிசையில் நின்றதால்தான் நீங்கள் காரில் போகும்போது சாலையோரத்தில் எல்க்கைப் பார்த்துப் படம் எடுக்க முடிகிறது.

நாங்கள் போனதும் அதே செவலான் பள்ளத்தாக்குப் பக்கம்தான். அங்கே நீளமாகப் போகிற மலைவிளிம்பின் பேரை எழுத்தைப் பார்த்தால் மொகல்லான் ரிம் என்று வாசிப்போம், அங்கே இருப்பவர்கள் மொகியான் என்பார்கள். ஏழாயிரம் அடிக்கு மேல் பாண்டரோசா பைன் காடு. வெயில் ஏறினால் அந்த மரப்பட்டை வெனிலா வாசம் அடிக்கும். ஐந்து நாள் அலைந்தோம். காற்று பகலில் மேலேறும், பொழுது சாய்ந்தால் பள்ளத்துக்கு இறங்கும். அதற்கேற்றபடி நாங்களும் ஏறி இறங்கினோம். நண்பர் சட்டைப்பையில் ஒரு சின்ன பவுடர் குப்பி வைத்திருந்தார். பத்து அடிக்கு ஒருதரம் அதை அமுக்கி, தூள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்.

ஆறாம் நாள் சாயங்காலம் கீழே ஒன்று கூவியது. துருப்பிடித்த கீல் மாதிரித் தொடங்கி, சீழ்க்கையாக ஏறி, தொண்டைக் கனைப்பில் முடிகிற குரல். முதலில் வந்தது அதன் வாடை, ஊரில் கிடாய்க் கொட்டிலில் அடிக்குமே அது. பிறகு கொம்பு. நுனிகள் தேய்ந்து வெளுத்திருந்தன. கொம்பின் இடுக்குகளில் மரப்பட்டைத் தூளும் பிசினும் அப்பியிருந்தன. நண்பர் ஒரு தரம்தான் சுட்டார். அறுபது தப்படி ஓடி, பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது.

அரைமணி நேரம் நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். பிறகு இறங்கினோம். அவர் அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. தன் பெயர் அச்சிட்ட டேக்கைக் கொம்பில் கட்டும்போது விரல்கள் முடிச்சுக்குப் பிடிபடவில்லை. நான்தான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

கே., உங்கள் கடிதத்தில் கொன்றதைப் பற்றி இத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள். சுமந்ததைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கதையையும் உங்களிடம் சொல்லியிருப்பார். நீங்கள்தான் காதில் வாங்கவில்லை. சுட்டது ஒரு நொடி. அதற்குப் பிறகு எங்களுக்கு ஓர் இரவும் ஒரு பகலும் ஆயிற்று. முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பு அது. செப்டம்பர் வெயிலில் மண் இன்னும் சூடாக இருந்தது. அந்தத் தடித்த தோல் உள்ளே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதித்தால் முதலில் கெடுவது இடுப்பு மூட்டை ஒட்டிய கறி. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், எலும்போரம் புளித்துப் போயிருக்கும். அதனால் கைவிளக்கு வெளிச்சத்தில் உடனே தோலை உரித்தோம். நான்கு கால்களையும் பிரித்துத் துணிப்பையில் போட்டு, காற்றுப் படும்படி கிளையில் தொங்கவிட்டோம். முதுகுக்கறி, கழுத்து, விலா இடுக்கு என்று ஒன்றையும் விடவில்லை. தின்னத் தகுந்த கறியைக் காட்டில் வீணாக விட்டு வந்தால் அது அங்கே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நண்பர் விட்டிருக்க மாட்டார். விலா எலும்புக்கு நடுவிலிருந்த ஒரு விரல் கனக் கறியைக் கத்தி நுனியால் கிள்ளிக் கிள்ளி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பின்தொடை ஒன்று முப்பது கிலோ வரும். சரளைச் சரிவு. ஐந்து நடை. மூன்றாவது நடையில் தோளில் ஏதோ பிசகியது. அவரோ முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி, நான் போகிற வேகத்துக்கே ஏறி வந்தார். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கடைசிப் பையை வண்டியில் ஏற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். காத்திருந்த அந்தப் பதினெட்டு வருடத்துக்குள் இறந்துபோன தன் மனைவியின் பேரைச் சொல்லி அழுதார். முதல் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது அந்த அம்மாதானாம்.

பிறகு கூறு போட்டார். எங்கள் ஊரில் பொங்கலுக்குக் கிடாய் வெட்டினால் பனையோலையில் கூறு போடுவார்கள். எலும்பு, ஈரல், சதை எல்லாம் எல்லாக் கூறிலும் இருக்க வேண்டும். ஒரு கூறு இளைத்திருந்தால் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். அவர் தன் சமையலறை மேசையில் அதையே செய்தார். மகளுக்கு, தேவாலயத்துக்கு, அவரோடு பேருந்து ஓட்டிய இருவருக்கு, எனக்கு. எல்க்கின் மேல்தாடையில் தந்தம் போல இரண்டு பல் இருக்கும். ஒன்றை மகளுக்குக் கொடுத்தார். இன்னொன்றை மனைவியின் படத்துக்குக் கீழே வைத்தார்.

உங்கள் ஃப்ரீசரில் இருப்பதும் அப்படி ஒரு கூறுதான். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, மூன்று வாரம் ஐஸில் போட்டுவிட்டு, நாகரிகத்தைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இது சரியில்லை, தம்பி. வேண்டாம் என்றால் அன்றைக்கே வாசலில் சொல்லியிருக்கலாம், அவர் வருத்தப்பட்டிருக்க மாட்டார். வாங்கிய பிறகு அது வீணாகக் கூடாது. உங்கள் தவிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கண் கலங்கலைப் பார்த்து உங்களுக்கும் ஏதோ ஆகியிருக்கிறது, இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

பொட்டலத்தின் மேல் மார்க்கரில் எழுதியிருப்பார், எடுத்துப் படியுங்கள். முதுகுக்கறி என்றால் மசாலா வேண்டாம். உப்பும் மிளகும் தடவி, இரும்புக் கல்லில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். தொடை என்றால் அதில் கொழுப்பே இருக்காது, அதனால் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு, மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் வேகவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டுங்கள். எந்தப் பள்ளத்தில் விழுந்தது, எத்தனை நடை சுமந்தீர்கள் என்று கேளுங்கள். மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், பேச்சு முடிய நேரமாகும்.