இன்னும் எத்தனை பாரம்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக வீட்டில் இருந்தபடியே பதிப்பகங்களுக்கு ப்ரூஃப் பார்த்து, அச்சுப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். பக்கக் கணக்கில் பணம். பையனுக்கு நான்கு வயது. இப்போது இங்கேயே ஒரு சின்னப் பதிப்பகத்தில் உதவி ஆசிரியராக வரச் சொல்கிறார்கள். மொத்தமே நான்கு பேர் வேலை செய்யும் இடம். காலை பத்திலிருந்து ஐந்து வரை. ஒரு புத்தகத்தைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து அட்டை வரை கூடவே இருந்து செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மாமியார், "பிள்ளையைப் பாத்துக்கிட்டே வீட்ல இருந்து சம்பாதிக்கிற, இதைவிட என்ன வேணும்?" என்கிறார். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் போன வாரம் பையன் வந்து லேப்டாப்பை மூடிவிட்டு, என் முகவாயைப் பிடித்து அவன் பக்கம் திருப்பினான். ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் இருக்கும்போதே இப்படியென்றால், வெளியே போனால் என்ன ஆவான்?

சமீபத்தில் வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் படித்தேன். 115 நாவல்கள், சொந்தப் பத்திரிகை, மேடைப் பேச்சு, சிறைவாசம் என்று அந்தக் காலத்திலேயே அவரால் முடிந்திருக்கிறது. எனக்கு ஒரு பிள்ளையையும் பதினாறு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தோழிக்கு,

பையன் முகவாயைத் திருப்பினான் என்று படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். என் வீட்டில் நடந்தது இதைவிட மோசம்.

மகளுக்கு அப்போது நான்கரை வயது. உங்களைப் போலவே நானும் வீட்டில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் தாளில்தான் வரும். ஒரு நாள் மதியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், அவள் என் இடத்தில் உட்கார்ந்து 'அம்மா விளையாட்டு' விளையாடிக்கொண்டிருக்கிறாள். மடியில் பழைய ப்ரூஃப் கட்டு, கையில் என் சிவப்புப் பேனா. பொம்மையைச் சுவரோரமாகப் போட்டிருந்தாள். பொம்மைக்காக அவளே "அம்மா... அம்மா..." என்று கூப்பிடுகிறாள். உடனே குரலை மாற்றிக்கொண்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்... இதோ, இந்த பாரம் முடிஞ்சதும்" என்கிறாள். பொம்மை மறுபடி கூப்பிடுகிறது. மறுபடி "ம்". அந்த "ம்" அச்சு அசலாக என்னுடையது. கரண்டியோடு அப்படியே நின்றேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் நினைவு வந்தது.

(அச்சுத் தொழில் பழக்கமில்லாதவர்களுக்கு: பாரம் என்றால் பதினாறு பக்கம். பன்னிரண்டு பாரம் என்றால் 192 பக்கப் புத்தகம். என் மகளுக்கு மணி பார்க்கத் தெரிவதற்கு முன்பே பாரக் கணக்கு தெரியும். எப்போம்மா வருவே என்று கேட்க மாட்டாள். "இன்னும் எத்தனை பாரம்மா?" என்பாள்.)

உங்கள் மாமியார் வீட்டில் இருப்பதையும் பிள்ளையோடு இருப்பதையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன், சொல்லப்போனால் அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆபீசுக்குப் போகிற அம்மா காலையில் போகிறாள், சாயங்காலம் வந்துவிடுகிறாள். அழுதாலும் பிள்ளைக்குக் கணக்குப் புரிந்துவிடும். வீட்டில் ப்ரூஃப் பார்க்கிற அம்மா நாள் முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறாள், கைக்கு மட்டும் எட்டுவதில்லை. பூக் கட்டலாம், கீரை ஆயலாம், பிள்ளை பேசுவதைக் கேட்டுக்கொண்டே செய்யலாம். ப்ரூஃப் அப்படியில்லை, கண்ணை எடுத்தால் வரி போய்விடும். அந்த நேரத்து முகம் வேறு எங்கோ போய்விட்ட முகம். அதைத்தான் உங்கள் பையன் பிடித்துத் திருப்பியிருக்கிறான்.

வேலையாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாவலில் காதலர்கள் இருவருக்கும் மனமுறிவு ஏற்படும். அச்சாகி வந்த புத்தகத்தில் அது 'மணமுறிவு'. கல்யாணமே ஆகாதவர்களுக்கு விவாகரத்து! ஆசிரியர் போனில் கூப்பிட்டு, கோபப்படக்கூட இல்லை, "நான் எப்பம்மா இவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தை எப்போது பார்த்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகளை மடியில் வைத்து ஒரு கையால் தட்டிக்கொண்டே பார்த்த பக்கம். அவளும் அன்றைக்குத் தூங்கவில்லை.

பிறகு நான் செய்தது, யாருக்கும் புரியாத காரியம். வீட்டில் செய்யக்கூடிய வேலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தேன். எங்கள் பேட்டையின் கிளை நூலகம் மதியம் மூடி, மாலை நான்கு மணிக்குத் திறக்கும். நான்கிலிருந்து ஏழு வரை, வாரத்தில் ஐந்து நாள். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களுக்கு நடுவே, கால் ஆடும் ஒரு மேசை. மூன்று மணி நேரத்தில் வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பார்க்கிற அளவு முடிந்தது. ஏழே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தால் பையைப் பீரோவுக்கு மேலே வைத்துவிடுவேன். அதற்கப்புறம் அவள் தூங்கும்வரை சிவப்புப் பேனா கிடையாது. முதல் வாரம் வாசலில் அழுதாள். மூன்றாவது வாரம் கையில் ஒரு பட்டியலோடு காத்திருந்தாள்: இன்றைக்குச் சொல்ல வேண்டிய புகார்கள்.

சரி, இந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது? என் அம்மா கொடுத்தது. இரண்டு தெரு தள்ளி இருந்தார், முழங்கால் வலியோடு மாடியேறி வருவார். இதைச் சொல்லாமல் நூலகக் கதையை மட்டும் சொன்னால் அது பொய். கோதைநாயகி அம்மாள் கதையிலும் நீங்கள் ஒருவரை விட்டுவிட்டீர்கள். முதல் நாடகத்தை உருவாக்கியபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். அதற்கப்புறம்தான் 1925இல் ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்தியது, நாவல் நாவலாக எழுதியது எல்லாம். 115 என்ற எண்ணைப் பார்த்து வெட்கப்பட்டீர்களே, அந்தப் பட்டம்மாள் உங்கள் வீட்டில் யார் என்று யோசித்தீர்களா? கடிதத்தில் பையன் வருகிறான், மாமியார் வருகிறார், லேப்டாப்கூட வருகிறது. உங்கள் கணவர் ஒரு வரியில்கூட வரவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் ப்ரூஃப் பார்த்தே பழகியவளுக்கு விட்டுப்போனதுதான் முதலில் கண்ணில் படும்.

எல்லா நாளும் இந்த ஒழுங்கு நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளி முடிந்தால் நம் தொழிலுக்குப் பேய் பிடித்துவிடும். சென்னைப் புத்தகக் காட்சிக்குள் எல்லாப் புத்தகமும் வந்தாக வேண்டும். 2008 ஜனவரியில் காட்சி பச்சையப்பன் கல்லூரிக்கு எதிரே பள்ளி மைதானத்தில் நடந்தது. நான் ஒரு பதிப்பகத்தின் அரங்கில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் மேசைக்கு அடியில், புத்தகக் கட்டுகளின்மேல், பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். ஒருவர் வந்து கேட்ட புத்தகம் அவள் தலைக்கு அடியில் இருந்த கட்டுக்குள். "ஸ்டாக் இல்லை சார்" என்றேன். அந்தப் பதிப்பாளர் இதைப் படித்தால் மன்னிக்கவும், ஒரு பிரதி நஷ்டம்.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன். போகலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கியபோது எல்லாரும் மகிழ்ந்தோம். பத்துப் பேராவது வேலை செய்யும் அலுவலகத்துக்குத்தான் அது. குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றால் ஐம்பது பேர் இருக்க வேண்டும். நான்கு பேர் இருக்கும் பதிப்பகத்தில் இவையெல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தவை. பக்கக் கணக்கில் வேலை செய்கிறவளுக்கு அந்த மனசுகூடக் கிடையாது, அவள் படுத்தால் பக்கம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆகவே சேரும் முன்பே பேசிவிடுங்கள். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதானா? "ராத்திரி ஒரே ஒரு பாரம் மட்டும் பாத்துக் குடுத்துடுங்க" என்று போன் வருமா? வரும். டிசம்பரில் வரட்டும், அந்த ஒரு மாதத்தைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஜூனிலும் வந்தால் நீங்கள் இரண்டு வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம், அப்போது சம்பளத்தைப் பற்றி இன்னொரு முறை பேச வேண்டும்.

மாமியாரிடம் விவாதம் வேண்டாம். ஒரு நாள் மதியம், ப்ரூஃப் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பையன் எத்தனை முறை கூப்பிடுகிறான், நீங்கள் எத்தனை முறை "ம்" போடுகிறீர்கள் என்று அவரே எண்ணட்டும்.

உங்கள் கடிதத்தை மகளுக்கும் போனில் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது, வேறு ஊரில் வேலை. பொம்மை விளையாட்டு அவளுக்குச் சுத்தமாக நினைவில் இல்லையாம். ஃப்ளெக்ஸ் பேனரின் வாசனை மட்டும் இருக்கிறதாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த மணமுறிவு என்னாலயா?" என்று கேட்டாள். சிரித்தோம். வைக்கும்போது, "நீ இப்பவும் போன்ல 'ம்' போடுறம்மா" என்றாள். உண்மைதான், அப்போதும் எதிரே ஒரு பிடிஎஃப் திறந்து கிடந்தது.

பதிப்பகத்துக்கு என்ன சொல்வதென்றாலும் தீபாவளிக்குள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.