ஒப்பந்தத்தில் ‘பராமரிப்பு’ போன்ற சொற்களுக்குத் தனி வரையறை எதற்கு?

‘பராமரிப்பு’ என்ற ஒரு சொல்லுக்கு ஒப்பந்தத்தில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்களே, அகராதிப் பொருள் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. பணம் தருபவருக்கு அந்தச் சொல் விரியும். வேலை செய்பவருக்குச் சுருங்கும்.

வரையறை முடியும் இடத்தைக் கவனியுங்கள். ‘சுத்தம் செய்தல், எண்ணெய் இடுதல் ஆகியவற்றை மட்டுமே குறிக்கும்’ என்றால் பட்டியல் மூடிவிட்டது. தேய்ந்த பாகத்தை மாற்றுவது அதில் வராது. ‘ஆகியவற்றையும் உள்ளடக்கும்’ என்றால் திறந்தே இருக்கிறது. ‘போன்றவை’ என்பதுதான் வில்லங்கம். முன்னே சொன்னவற்றின் இனத்தைச் சேர்ந்த வேலைகள் மட்டும்தான் என்று நீதிமன்றம் அதைச் சுருக்கிப் படிக்கலாம்.

ஆங்கில வரைவில் வரையறுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோதான். ஒரே வேலையை ஓரிடத்தில் ‘பணி’, இன்னோரிடத்தில் ‘சேவை’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் வேறு என்று வாதிட இடம் கிடைத்துவிடும்.