கேபிள் வயர் மாற்ற வீட்டுக்காரர் விடவில்லை. செலவை வாடகையில் கழிக்கலாமா?

கேள்வி: ஐயா, ஹட்டன் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் கீழே இருக்கிறார். வீடு பார்க்கும்போதே "டீவி லைன் எல்லாம் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இப்போது மழை பெய்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கேபிள்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, வயர் பழசு, ஃபைபர்தான் இழுக்க வேண்டும், முன்சுவரில் துளை போட வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும் என்கிறார்கள். அவரோ "ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, மேலே பேசினால் இருக்கிற வயரையும் வெட்டிவிடுவேன்" என்கிறார். இரண்டு வருடத்துக்கு முத்திரை ஒட்டி எழுதிய ஒப்பந்தம் கையில் இருக்கிறது. அவரிடம் கேட்காமலே வேலையை முடித்து, செலவை வாடகையில் கழிக்கலாமா?

பதில்: கழிக்க வேண்டாம். கேட்காமல் துளை போடவும் வேண்டாம். ஆனால் வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் சரி என்றும் இல்லை.

இலங்கையில் வாடகை விவகாரத்துக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி, வீட்டை எந்த நிலையில் கொடுத்தாரோ அந்த நிலையில் பாவிக்கக்கூடியதாக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. லைன் இருக்கிறது என்று சொல்லித்தான் வீட்டைத் தந்தார் என்றால், அந்த லைன் வேலை செய்ய வேண்டும் என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, போனில் வந்த செய்திதானே என்று யாரும் அதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பழுது பார்ப்பது வேறு, புதிதாக மேம்படுத்துவது வேறு. கெட்டுப்போன வயரைத் திருத்தித் தரச் சொல்லலாம். ஃபைபர் போட்டுத் தா என்று கட்டாயப்படுத்த முடியாது, சுவர் அவருடையது. அவசியமான திருத்தத்தை அறிவித்தும் உரிமையாளர் செய்யாவிட்டால், வாடகைக்காரர் செய்து நியாயமான செலவைக் கழிக்கலாம் என்ற கொள்கை சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. அது ஒழுகும் கூரைக்குப் பொருந்தும். டீவி வயரை அந்தக் கணக்கில் சேர்க்க எந்த நீதிபதியும் அவசரப்படமாட்டார். நீங்கள் கழித்த தொகை வாடகை நிலுவையாக எழுதப்படும், அவ்வளவுதான்.

உண்மையில் எனக்குக் கவலை வயரைப் பற்றி அல்ல, உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். கடையில் முத்திரை வாங்கி ஒட்டி இரண்டு சாட்சியோடு கையெழுத்து வைத்தால் போதும் என்றுதான் மலையகம் முழுக்க நினைக்கிறார்கள். போதாது. நொத்தாரிசு இல்லாத இரண்டு வருட ஒப்பந்தத்தைச் சட்டம் மாத வாடகையாகவே பார்க்கும். 1980க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்புகளுக்கு 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப் பாதுகாப்பும் பொதுவாக இல்லை. அப்படியான வீடாக இருந்தால், ஒரு முழு மாத அறிவித்தல் கொடுத்து உங்களை எழும்பச் சொல்ல அவருக்கு வழி இருக்கிறது. இந்த நிலையில் நின்றுகொண்டு ஒரு வயருக்காக முட்டிக்கொள்வதா என்று நீங்களே யோசியுங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது நொத்தாரிசிடம் போங்கள். கேபிள், தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சரி, வயருக்கு வருவோம். மழைக்கு மட்டும் படம் உடைகிறது என்றால் முழு வயரும் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே இருக்கும் ஜாயின்டிலோ ஸ்பிளிட்டரிலோ தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எந்த ஜாயின்ட் காய்கிறது? நுனிகளை வெட்டி, புது கனெக்டர் போட்டு, ஸ்பிளிட்டரைக் கூரைக்குக் கீழே நகர்த்தச் சொல்லுங்கள். இதற்கு ஒரு துளையும் வேண்டாம். அப்படியும் சரிவரவில்லை என்றால், பழுது எங்கே இருக்கிறது என்று வந்தவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு உங்கள் வாயால் சொல்வதைவிட அந்தத் துண்டு பேசும்.

ஃபைபர்தான் வேண்டும் என்றால், பழைய வயர் வரும் அதே துளையால் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். ஃபைபர் மெல்லியது, பழையதை உருவிவிட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். வீட்டுக்காரர் பயப்படுவது துளைக்கு மட்டுமாக இருக்காது, இடிமின்னலுக்கும் இருக்கலாம். சித்திரை மாதத்தில் டீவி வெடித்த கதை இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, கூட வரும் இரும்புக் கம்பியை வெளிச்சுவர்க் கொக்கியோடு நிறுத்திவிடலாம் என்று கேபிள்காரரையே அவருக்கு விளக்கச் சொல்லுங்கள். இது சட்டம் இல்லைதான், ஆனால் என்னுடைய கடிதத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

அவர் இறங்கி வந்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தச் சுவர், எந்த இடம், செலவு உங்களுடையது, பூச்சு உடைந்தால் நீங்கள் பூசி நிறம் அடித்துக் கொடுப்பீர்கள், வீட்டை விட்டுப் போகும்போது பெட்டி கம்பனிக்கு, சுவரில் இருக்கும் வயர் அப்படியே விடப்படும். இந்தக் கடைசி வரி இல்லாததால்தான் பலர் போகும்போது முற்பணத்தில் வெட்டு வாங்குகிறார்கள்.

வயரை வெட்டுவேன் என்றது வெறும் மிரட்டலாக இருக்கட்டும். உண்மையாகவே வெட்டினால், பிறர் பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். வயர் கம்பனியுடையது என்றால் கம்பனியும் முறைப்பாடு செய்யலாம். பொலிஸில் ஒரு முறைப்பாடு பதிந்து வையுங்கள், பழிவாங்க வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். வாடகையைக் கையில் வாங்க மறுத்தால் வங்கியில் போட்டுத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முற்றிப்போனால் மாவட்ட நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். மேல்மாடியும் கீழ்மாடியுமாக இருப்பவர்களுக்கு அதுதான் பொருத்தமான இடம். சட்டத்தரணிச் செலவும் மிச்சம்.

படமே வராத மாதங்களுக்கும் கேபிள்காரர் பில் போட்டிருந்தால் அது வீட்டுக்காரரின் பிரச்சினை அல்ல. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் பில்களை எடுத்துத் திகதியைப் பாருங்கள்.