35 கிலோவாட் பாய்லர் வேண்டாம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் ஹோவிக்கில் 120 சதுர மீட்டர் வீடு. ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் தாங்க முடியவில்லை. விறகு பாய்லர் வைத்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் விடலாமா? விற்பவர் 35 கிலோவாட் எடுங்கள், பெரிதாக இருந்தால் நல்லது என்கிறார்.

தாராளமாக வைக்கலாம். ஆனால் 35 வேண்டவே வேண்டாம்.

நம் மிட்லண்ட்ஸ் குளிர் இரவுக் குளிர். விடியற்காலையில் புல்லில் உறைபனி கிடக்கும், பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும். கூரைக்கு அடியில் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் இருந்தால் உங்கள் வீட்டுக்கு மாலையில் சுமார் 8 கிலோவாட் போதும். இன்சுலேஷன் இல்லையா? முதலில் அதைப் போடுங்கள், பாய்லர் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

35 கிலோவாட் பாய்லரை 8-க்கு அடக்க வேண்டுமானால் காற்றை அடைக்க வேண்டும். அப்போது விறகு எரியாமல் புகையும். அந்தப் புகை புகைபோக்கியில் தாராகப் படிந்து, ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

விறகு பாய்லர் முழு வேகத்தில் எரிய வேண்டும், சூட்டைத் தண்ணீரில் சேமிக்க வேண்டும். 15 கிலோவாட் பாய்லரும் 1000 லிட்டர் டாங்க்கும் உங்களுக்குச் சரி. காய்ந்த விறகு 14 கிலோ போட்டு மூன்று மணி நேரம் எரித்தால் டாங்க் 40 டிகிரியிலிருந்து 80-க்கு ஏறும். ஒரு மாலைக்கு அது போதும். பாய்லரைப் பெரிதாக்கிக் காட்டி டாங்க்கை விட்டுவிடுவதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் ஏமாற்று. டாங்க் இல்லாத விலைப்பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விறகிலும் இதே கதைதான். பக்கி (பிக்கப்) வண்டிக் கணக்கில் வாட்டில், புளூகம் மரங்களைக் கொண்டுவந்து இறக்கி, காய்ந்தது என்பார்கள். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். ஒரு கட்டையைப் பிளந்து, உள்பக்கத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். பச்சை நிற மருந்தேற்றிய பழைய வேலிக் கம்பங்களை இலவசமாகக் கொடுத்தாலும் எரிக்காதீர்கள், அதில் ஆர்சனிக் இருக்கிறது.

அப்புறம் லோட்ஷெடிங், அதாவது மின்வெட்டு. கரண்ட் போனால் சுடுநீரைச் சுற்றவைக்கும் பம்ப் நிற்கும், தீ நிற்காது. தண்ணீர் கொதித்துவிடும். அதனால் பம்புக்கு ஒரு பேட்டரி வேண்டும். மேலே திறந்த நீராவிக் குழாயும் வேண்டும், அதில் எந்த வால்வும் இருக்கக் கூடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சரிவில் கட்டிய வீடாக இருந்து, பாய்லர் கீழே, டாங்க்கும் ரேடியேட்டர்களும் மேலே இருந்தால், சுடுநீர் தானாக ஏறும், பம்பே வேண்டாம். ஆனால் குழாய் அகலமாக இருக்க வேண்டும். வழி நெடுக ஏறிக்கொண்டே போக வேண்டும், ஓரிடத்திலும் தாழக் கூடாது. தாழ்ந்த இடத்துக்கு முன்னால் காற்று தங்கி ஓட்டம் நின்றுவிடும். ஒரே மட்டத்தில் கட்டிய வீட்டுக்கு இந்த ஏற்பாட்டை ஒருவர் விற்க வந்தால் நம்பாதீர்கள். திறந்த குழாய் இதற்கும் வேண்டும்.

பம்புக்கு வயர் இழுத்தால் மின்சாரச் சான்றிதழ் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் பாய்லரைச் சோதிக்க நான் வேலை செய்த இடங்களில் ஒருவரும் வந்ததில்லை. எத்தனை தடவை சொன்னாலும் யார் காதிலும் விழவில்லை. அதனால் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் நிறைத்து, சின்னத் தீ மூட்டி, பம்பை நிறுத்தச் சொல்லுங்கள். நீராவி திறந்த குழாய் வழியாகப் பத்திரமாக வெளியேறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.