இசை வருகிறது, வெடிச்சத்தம் வரவில்லை: பழைய கணினி சவுண்ட் கார்டு கேள்வி பதில்

கேள்வி: பென்டியம் 100, டாஸ் 6.22, ஜம்பர் (அமைப்பை மாற்றும் சிறு செருகி) வைத்த, ஐஎஸ்ஏ என்ற பழைய வகைத் தடத்தில் செருகும் சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டு. கேமில் இசை அருமையாகக் கேட்கிறது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் ஒரு துணுக்கு வந்து, அதுவே திரும்பத் திரும்ப ஓடுகிறது. கார்டு போய்விட்டதா சார்?

பதில்: போகவில்லை. எஃப்எம் இசைக்கு (கார்டின் சிப்பே உருவாக்கும் இசை) ஐஆர்க்யூவும் (கார்டு செயலியைக் கூப்பிடும் சைகை) வேண்டாம், டிஎம்ஏவும் (செயலியைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து தரவு வரும் வழி) வேண்டாம். 388 போர்ட் (கார்டோடு பேசும் முகவரி) ஒன்றே போதும். பதிவான ஒலிக்கு இரண்டுமே வேண்டும். டிஎம்ஏ வழியாக வந்த துணுக்கு முடிந்ததும் கார்டு ஐஆர்க்யூவைத் தட்டி அடுத்ததைக் கேட்கும். அந்தத் தட்டல் கேமுக்குப் போய்ச் சேராவிட்டால் பழைய துணுக்கே சுற்றும். ஆகவே உங்கள் கோளாறு ஐஆர்க்யூவில்.

டாஸ் ஏறும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் 'செட் பிளாஸ்டர்' வரியைப் பாருங்கள். வழக்கமான மதிப்புகள்: போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, மேல் டிஎம்ஏ (16 பிட் ஒலிக்கு) 5, மிடி (இசைக்கருவி இணைப்பு) 330. வரியை மாற்றினால் கார்டு மாறிவிடாது. அது கேமுக்குச் சொல்லும் தகவல்தான். கார்டில் உள்ளதும் வரியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். கேமின் செட்டப்பில் தனியாகச் சேமித்த எண்ணையும் திருத்துங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஐஆர்க்யூ 7-ல் இருந்தால் பிரின்டர் போர்ட்டோடு மோதும், 5-க்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சத்தமே இல்லை. 16 பிட் சோதனையில் மெஷின் உறைந்துவிடுகிறது.

பதில்: சந்தேகம் டிஎம்ஏ மேல். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) பிரின்டர் போர்ட் ஈசிபி என்ற வேக முறையில் இருந்தால் அதுவும் ஒரு டிஎம்ஏ எடுக்கும், பெரும்பாலும் 3 அல்லது 1. டிஎம்ஏ கேட்காத எஸ்பிபி அல்லது ஈபிபி முறைக்கு மாற்றிப் பாருங்கள். டிஎம்ஏ 2 ஃப்ளாப்பிக்கு உரியது, அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 98. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி. டிரைவரை மூன்று தடவை போட்டாயிற்று.

பதில்: நான்காவது தடவை போடாதீர்கள். சேஃப் மோடில் ஏறி டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அதே கார்டு இரண்டு மூன்று பெயர்களில் நிற்கலாம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சாதாரணமாக ஏறி ஒருமுறை மட்டும் போடுங்கள். அப்படியும் குறி போகாவிட்டால் 'ரிசோர்சஸ்' பக்கத்தின் அடியில் மோதும் சாதனம் எதுவென்று எழுதியிருக்கும். ஜம்பர் கார்டு என்றால் பயாஸின் பிஎன்பி (கார்டுகளைத் தானாக அமைக்கும்) பக்கத்தில் ஐஆர்க்யூ 5-ஐ 'லெகசி ஐஎஸ்ஏ' என்று ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பிசிஐ (ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த தடம்) நெட்வொர்க் கார்டு அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

கேள்வி: அடாப்டெக் 1542 ஸ்கஸி கார்டு (ஹார்டு டிஸ்க் போன்றவற்றை இணைப்பது) போட்டதிலிருந்து தகராறு.

பதில்: ஸ்கஸி கார்டுக்கும் சவுண்ட் கார்டின் மிடிக்கும் 330 போர்ட்தான் இயல்பு. சவுண்ட் கார்டின் மிடியை 300-க்கு நகர்த்துங்கள். ஆனால் என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், அது வழக்கமாக உட்கார்ந்திருப்பது 300-ல்.

கேள்வி: எல்லாச் சத்தமும் வருகிறது, டாஸில் ஆடியோ சிடி மட்டும் ஊமை.

பதில்: டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். சிடி டிரைவின் பின்புறத்திலிருந்து சவுண்ட் கார்டுக்கு வரும் நான்கு கம்பி ஆடியோ கேபிள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மிக்ஸரில் சிடி அளவை ஏற்றுங்கள்.