நோ காஸ்ட் இஎம்ஐயும் மழைக்காலத்துப் பால் வெட்டும்

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார், நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். சீட்டு பிடித்த பணம் 70,000 ரூபாய் கையில் இருக்கிறது. நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் மகனுக்குப் புதுப் பொருள்கள் எல்லாம் அத்துப்படி. அவன் மூன்று யோசனை சொல்கிறான். போன் மத்தியானம் வரைகூட சார்ஜ் நிற்கவில்லை, மாமாவின் கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் போனை 9 மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுக்கலாம், வட்டியே கிடையாது. 2019-ல் வாங்கிய லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 10, அது இனி உதவாது. வீட்டு ஃபேன்களை, கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனாக மாற்ற வேண்டும். நன்றாக ஓடுகிற ஃபேனை ஏன் கழற்ற வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. எதற்குப் பணம் போடலாம்?

பதில்: உங்கள் மகன் சொன்ன மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது நீங்கள் வேண்டாம் என்று நினைக்கிற ஃபேன்தான். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் போன்.

பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள், வங்கி அதையே வட்டியாக வாங்கிக்கொள்கிறது. நான் இப்படி ஒரு வாஷிங் மெஷின் வாங்கியபோது வந்த கார்டு ஸ்டேட்மென்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. தவணை அசல் ஒரு வரி, வட்டி ஒரு வரி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இன்னொரு வரி, தனியாக ப்ராசஸிங் கட்டணம். உங்கள் 60,000 ரூபாய்க்கு, வங்கி 15 சதவீத வட்டி போட்டால், வட்டி மட்டும் சுமார் 3,600. அது தள்ளுபடியில் கழிந்துவிடும். அதன் மேல் வரும் ஜிஎஸ்டி சுமார் 650 ரூபாயும் ப்ராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போய்விடும்.

இந்த ஆயிரம் ரூபாய்க்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் 6,667 ரூபாய் தவணை, தேதி தவறாமல் வரும். பால் வெட்டு அப்படி வருமா? நம் மாவட்டத்தில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மரத்தில் பிளாஸ்டிக் கட்டினாலும் பல நாள் வெட்ட முடியாமல் போகும். அப்புறம் இலை உதிர்ந்து மரத்துக்கு ஓய்வு விடும் வாரங்கள். அந்த நேரத்தில் ஒரு தவணை தவறினால் மாதம் 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஏறும். கார்டு மாமாவுடையது என்பதால் கெடுவது அவருடைய சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண். அப்படி ஒரு மனக்கசப்பு சொந்தத்துக்குள் வரவே வேண்டாம்.

போனில் கெட்டிருப்பது பேட்டரி. அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அசல் பேட்டரி போடச் சொல்லுங்கள். அதற்கு முன் செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் கடைசியாக எந்த மாதம் வந்தது என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள். அப்டேட் இன்னும் வந்துகொண்டிருந்தால் இந்த போன் இரண்டு வருஷம் தாராளமாக ஓடும். நின்று வெகுநாள் ஆகியிருந்தால் ஜிபே வைத்திருக்கும் போனை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் 20,000 ரூபாய்க்குள், ரொக்கமாக.

லேப்டாப் விஷயத்தில் அவன் சொல்வதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதனால் லேப்டாப் நின்றுவிடாது, வழக்கமான பாதுகாப்பு அப்டேட்தான் வராது. இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசஸரோ அதற்குப் பிந்தையதோ இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறும். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். என் பழைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, டீ போட்டு எடுத்துவந்து உட்காருவேன். எஸ்எஸ்டி போட்ட அன்றோடு அந்தப் பழக்கம் போயிற்று. விண்டோஸ் 11 ஏறாத ப்ராசஸர் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடலாம், அதற்குக் காசே இல்லை. இன்ஜினியரிங் பையனுக்கு அது நல்ல பழக்கமும்கூட.

இனி ஃபேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி சுமார் 30 வாட். தையல் மெஷினுக்கு மேலே ஓடுவதும் படுக்கை அறையில் ஓடுவதும் தினம் 14 மணி நேரம் என்று வையுங்கள். இரண்டு ஃபேனிலும் சேர்த்து, ஒரு பில்லுக்கு, அதாவது இரண்டு மாதத்துக்கு, சுமார் 75 யூனிட் மிச்சம். உங்கள் பில் 300 யூனிட்டுக்கு மேல் வந்தால், அந்த அடுக்கில் யூனிட் ஏறக்குறைய 5 ரூபாய். வருஷத்துக்கு 2,200 ரூபாய்க்கு மேல். ஒரு ஃபேன் 3,000 ரூபாய் என்றால் மூன்று வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மழையில் கரண்ட் போகும் இரவுகளில் இன்னும் அதிக நேரம் ஓடும். எப்போதாவது ஓடும் ஃபேன்களை அப்படியே விடுங்கள்.

ஆக, இரண்டு ஃபேன், ஒரு பேட்டரி, ஒரு எஸ்எஸ்டி. எல்லாம் சேர்ந்து 15,000 ரூபாயைத் தாண்டாது என்று நினைக்கிறேன். மீதியை வங்கியில் ஆறு மாத டெபாசிட்டாக, இரண்டு ரசீதாகப் பிரித்துப் போடுங்கள். வெட்டு இல்லாத மாதத்தில் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். பேட்டரி மாற்றக் கொடுக்கும் முன் போனில் இருக்கும் படங்களையெல்லாம் லேப்டாப்பில் காப்பி எடுத்துவிடச் சொல்லுங்கள்.